பார்த்தேன் என்று சொன்னவர்

பிச்சாட்டூரில் என் அடுத்த வீட்டுக்காரர் நாகபூஷணம். பதினோரு வருஷம் விடியுமுன் பைக்கை எடுத்துக்கொண்டு திருப்பதி விமான நிலையத்துக்குப் போனவர். அங்கே ஓர் ஒப்பந்தக்காரரிடம் வேலை. பெட்டி ஏற்றுவார், விமானம் கிளம்பும்போது முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை உருவிக்கொண்டு வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். ஊரில் சிலர் அவரைப் பைலட் என்று கிண்டல் செய்வார்கள். அவருக்கு அதில் உள்ளூர சந்தோஷம்தான்.

திருப்பதியிலிருந்து போகிற விமானத்தில் லட்டு இல்லாமலா? கும்பலாக வரும் பக்தர்கள் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கொண்டுவருவார்கள். அதன்மேல் சூட்கேஸை அடுக்க ஏற்றுகிறவர்களுக்கு மனசு வராது. செருப்பு இருக்கிற பையைச் சாமி பிரசாதத்தின் தலையில் எவன் வைப்பான்? அதனால், விமானத்தின் எந்த அறையில் எவ்வளவு கனம் என்று பைலட்டுக்குக் காட்டும் எடைத்தாளில் முன்னறை என்று போட்டிருந்தாலும், காலியாக இருக்கும் பின்னறையில் தனியாக வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். மேற்பார்வையாளர் மோகன்ராஜ் வாக்கிடாக்கியில் அதைச் சொல்வார், அலுவலகத்தில் பிரித்திகா என்கிற பெண் தாளைத் திருத்துவாள். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

அன்றைக்கு நாற்பது பெட்டி. மோகன்ராஜின் வாக்கிடாக்கியில் சார்ஜ் இல்லை. நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தவரை இன்னொரு விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவசரத்துக்கு உதவட்டும் என்று காலையிலேயே தாளில் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார் மகானுபாவர். கையெழுத்தைப் பார்த்த பிரித்திகா எல்லாம் சரி என்று பைலட்டுக்கு அனுப்பிவிட்டாள். போதாததற்கு, கடைசி நேரத்தில் மொட்டைத் தலைகளோடு ஓடிவந்த ஒரு கும்பலைக் கடைசி வரிசைகளில் உட்கார வைத்தார்கள். யாரும் தூங்கவில்லை, யாரும் திருடவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் அசட்டை, அவ்வளவுதான்.

நாகபூஷணம் கட்டையை எடுக்கக் குனிந்தார். முன்சக்கரத்துக்கு மேலே ஒரு பளபளப்பான தண்டு, எப்போதும் நாலு விரல் அளவுக்குத் தெரியும். அன்றைக்கு ஒரு சாண் தெரிந்தது. மூக்கு லேசாகி வால் கனத்திருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் அதற்கு முந்தின மாதம் கதவு சரியாக மூடவில்லை போலிருக்கிறது என்று இவர் சொல்லி, விமானம் இருபது நிமிஷம் தாமதமாகி, கதவில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. இன்னொரு தடவை வாயைத் திறந்தால் பாஸைப் பிடுங்கிவிடுவேன் என்று மோகன்ராஜ் எல்லோர் முன்னாலும் கத்தியிருந்தார். அந்தப் பாஸ் இல்லாவிட்டால் கேட்டுக்குள் கால் வைக்க முடியாது. கட்டைவிரலை உயர்த்திவிட்டார்.

விமானம் எழும்பும்போது வால் ஓடுபாதையில் உரசியது. அரை மணி நேரம் வானத்தில் சுற்றிவிட்டு, நல்லபடியாக இறங்கியது. யாருக்கும் கீறல்கூட இல்லை. அந்த அரை மணி நேரமும் பெட்டி ஏற்றும் வண்டியின் நிழலில் உட்கார்ந்து அழுதேன் என்று என்னிடம் சொன்னார்.

விசாரணைக்கு முந்தின நாள் அவர் மனைவி சுலோச்சனா படித்துப் படித்துச் சொன்னாள், ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு வரும்படி. மற்றவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இவரிடமும் அதிகாரி கேட்டார், ஏதாவது கவனித்தீர்களா என்று.

"பாத்தேன் சார். தண்டு ஒரு சாண் தெரிஞ்சிது. திட்டுவாங்கன்னு பயந்துக்கினு சொல்லல."

அறிக்கையில் ஏழு தவறுகள் இருந்தன. முதல் ஆறுக்கும் அறிவுரையோடு சரி. ஏழாவது, தெரிந்தும் தெரிவிக்காதது. பாஸ் ரத்து. உண்மையைச் சொன்னவனைத்தான் பிடிக்க முடிந்தது அவர்களுக்கு. சுலோச்சனா சண்டை போடவில்லை. "அத்தினி பேரும் பாக்கலன்னாங்க. நீ மட்டும் இன்னாத்துக்கு பாத்த?" என்று ஒரே தடவை கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்குப் போகிற வேனில் ஏறிப்போய் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டி ஒட்டுகிறார். விமானம் போகிற சத்தம் கேட்டால் தலையைத் தூக்குவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில் இருந்தபோது சிட்டிபாபு போன் செய்தார். இவரோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது கட்டை எடுப்பது அவர்தான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார் நாகபூஷணம்.

"நேத்து அந்தத் தண்டு ரொம்ப வெளிய தெரிஞ்சிதுப்பா. கட்டைய எடுத்துக்கினு பேசாம வந்துட்டேன். ஒண்ணும் ஆவல, போய்ச் சேந்துடுச்சி. ஆனா ராத்திரி எல்லாம் தூக்கமே இல்ல. நான் பண்ணது சரியா?"

நாகபூஷணம் போனைக் கையில் எடுத்துக்கொண்டார். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன்.

"சரிதான்," என்றார். "இனிமே கட்டைய மட்டும் பாரு."