ஜெசிந்தா அக்காவின் முதல் லோடு

ஜெசிந்தா அக்கா இல்லை. இன்று விடிகாலையில் தாராபுரம் ரோட்டில் ஆக்சிடெண்ட்... இதை டைப் செய்யும்போதும் எனக்குப் பொய்யாகத்தான் தெரிகிறது.

தெரியாதவர்களுக்கு: அக்கா நல்லூரில் எங்கள் பனியன் கம்பெனியின் ஓவர்லாக் டெய்லர். சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம், அங்கே கொஞ்சம் மிளகாய்க் காடு. வருடா வருடம் லீவு போட்டு மிளகாய்ப் பழம் பறிக்கப் போய்விடுவார். திரும்பும்போது பஸ் டாப்பில் குண்டு மிளகாய் வத்தல் மூட்டையும் வரும்.

அவருடைய வியாபாரமே பவர் கட் நேரத்தில்தான். மெஷின் ஓடும்போது கத்தினாலும் காது கேட்காது இல்லையா. கரண்ட் போய் ஜெனரேட்டர் போடுவதற்குள், ஒரு கை வத்தலை அள்ளி ஒவ்வொருவர் காதோரமாகக் குலுக்கிக்கொண்டே வருவார்.

"கேக்குதா? வெதை எப்புடி ஆடுதுன்னு பாருங்க. ஈர வத்தல்னா சத்தமே வராது."

நான் செக்கிங் சூப்பர்வைசர். ஷிப்மெண்ட் நெருக்கடியில் ஒருநாள் கடுப்பாகிவிட்டது. "ஏனுங்க்கா, வெள்ளை பீஸுக்குப் பக்கத்துல மொளகாயக் கொண்டாந்து ஆட்டறீங்களே! பையர் தும்மிக்கிட்டே ஆர்டரைக் கேன்சல் பண்ணிப்போடுவானுங்க!"

அக்கா ஒரு கை வத்தலை அள்ளினார். என் காதிலும் குலுக்கினார். அன்று சாயங்காலம் மூன்று கிலோ வாங்கிக்கொண்டு போனேன்... வீட்டில் அக்காவுக்கு நல்ல பெயர், எனக்குக் காரத்தில் கண்ணில் தண்ணீர்.

போன தீபாவளிக்குப் போனஸ் வாங்கிய கையோடு வேலையை விட்டார். நல்லூரிலேயே ஒரு சின்னக் கடை பிடித்தார். ஊர்க்காரர்களின் வத்தலையும் சேர்த்து எடுத்து, லோடாகவே இறக்கி விற்க வேண்டும் என்று திட்டம்.

எங்கள் ஓனருக்கு மனசே இல்லை. "ஒரு சீசன் பாரு அம்மிணி. ஒத்து வரலீன்னா திரும்பி வந்துரு. உம்பட மெஷின் அப்படியே இருக்கும்."

"வேற ஆளப் போட்டுருங்க சார். நான் இனிமே மொதலாளி" என்றார் அக்கா. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது, நிஜமாகவே.

இன்று வந்துகொண்டிருந்தது அந்த முதல் லோடு. குட்டியானை லோடு வண்டியில் டிரைவர், அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன், ஜன்னலோரம் அக்கா. புளியமரத்தில் மோதியிருக்கிறது. அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும்தான் நொறுங்கியிருந்தது... அந்தப் பக்கம் மட்டும்.

நாளைக்குக் கடை திறப்பு. செக்கிங் டேபிள் ஆட்கள் எல்லோரும் போவதாக இருந்தோம்.

ஜி.எச்.சில் அண்ணனைப் பார்த்தேன். தலையில் கட்டு. அழவே இல்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மழை வரும்போல இருக்கு. வண்டி போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிது. மூட்டை மேல தார்ப்பாய் சரியாக் கெடக்கான்னு ஒரு எட்டு பாத்துட்டு வாங்க. நனைஞ்சா அவ என்னையத்தான் வைவா."

"சரிங்ண்ணா" என்று போனேன். தார்ப்பாய் ஒரு பக்கம் விலகிக் கிடந்தது. இழுத்துக் கட்டினேன். முடிச்சுப் போடுவதற்குள் தூறல்.

ஒரு மூட்டையும் நனையலீங்க்கா... போயிட்டு வாங்க.