அக்காவுக்கு ஒரு சம்பளம்

என் அக்கா வெள்ளைத் துணியைப் பார்க்கிற விதமே தனி. விரிப்பை உதறி, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பாள். "இது டீ. இது மருந்து. இது ரத்தம், பச்சைத் தண்ணில போடு, சுடுதண்ணி காட்டாதே" என்று ஒவ்வொரு கறையாக அடையாளம் சொல்லிவிடுவாள். ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். கடைசி ஆறு வருஷம் மேற்பார்வை. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தப்பித்த கறை கிடையாது. தூவித் தப்பித்தவன் நான் ஒருவன்தான்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பேங்க் கடன் கேட்டுப் போகிறவர்களுக்குத் தொழில் திட்டம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, ஒரு மேஜை, வருகிறவர்களுக்கு இரண்டு நாற்காலி. கீழே மெஷின் ஓடினால் மேலே என் பேனா உருளும். திட்டத்தில் முதல் பதினைந்து பக்கம் அலங்காரம். தொழிலின் நோக்கம், சந்தை வாய்ப்பு என்று நான் எழுதுவதை என்னைத் தவிர யாரும் படித்ததாகத் தெரியவில்லை. கடைசி ஆறு பக்கம் கணக்குப் பகுதி. பேங்க் மேனேஜர் நேராக அங்கேதான் போவார். முதலீடு என்ன, செலவு என்ன, வரவு என்ன, வருஷக் கடைசியில் மிச்சம் என்ன, அந்த மிச்சத்தில் தவணை கட்ட முடியுமா? மிச்சம் தவணையைப் போல ஒன்றரை மடங்காவது இருந்தால் கையெழுத்து போடுவார். இல்லாவிட்டால் "பார்க்கலாம்" என்பார். பேங்கில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று கடன் கேட்டுப் போன எல்லோருக்கும் தெரியும்.

அதனால் நான் கீழிருந்து மேலே எழுதுவேன். கடைசி வரியில் எவ்வளவு மிச்சம் நிற்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மேலே உள்ள செலவுகளை அதற்குத் தகுந்தாற்போல் இளைக்க வைப்பேன். வாடகையை இளைக்க வைக்க முடியாது, ஒப்பந்தம் கேட்பார்கள். மெஷின் விலையில் கை வைக்க முடியாது, ரசீது கேட்பார்கள். யாரும் கேள்வி கேட்காத செலவு ஒன்றுதான் இருக்கிறது. கடைக்காரரும் அவர் வீட்டு ஆட்களும் செய்கிற வேலை. அதற்கு நேரே எப்போதும் பூஜ்யம் போடுவேன். எத்தனை பேருடைய மனைவி, எத்தனை பேருடைய தம்பி அந்தப் பூஜ்யத்துக்குள் போனார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அக்கா அந்த மாடிப்படி ஏறி வந்தபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி ஒரு நாற்பது பக்க நோட்டு. லாட்ஜ்களுக்கும் சின்ன கிளினிக்குகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற கடை வைக்கப்போவதாகச் சொன்னாள்.

"வேலையை விட்டுட்டா? மாசம் பொறந்தா சம்பளம் வருதேக்கா."

"ஆஸ்பத்திரியில போடற சோப்பு துணியை அரிக்குதுன்னு எட்டு வருஷமா சொல்றேன். ஒருத்தர் காதுலயும் ஏறலை. என் கடைன்னா நான் சொல்றதுதான்."

நோட்டைப் புரட்டினேன். அசந்துபோனேன். நூறு விரிப்பில் எத்தனை கிழியும், கிழிந்தால் லாட்ஜ்காரருக்கு என்ன தர வேண்டும், மழை மாதத்தில் உலர்த்துவதற்கு எவ்வளவு கரண்ட் கூடும், எல்லாம் எழுதியிருந்தாள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் கடைக்கு என்ன பெயர் வைப்பது என்பதைத் தாண்டி யோசித்திருக்க மாட்டார்கள். செலவுப் பக்கத்தின் அடியில் கடைசியாக இரண்டு வரிகள் இருந்தன. எனக்குச் சம்பளம், மாதம் பதினெட்டாயிரம். திட்டம் எழுதித் தரும் தம்பிக்குக் கூலி, ஐயாயிரம்.

நான் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காக என்னை நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

"உன் கடையில நீயே உனக்குச் சம்பளம் குடுத்துப்பியா?"

"ஆஸ்பத்திரியில அதான் வாங்கறேன். இங்க அதைவிட வேலை ஜாஸ்தி. கொறைச்சுதான் போட்டிருக்கேன்."

"மிச்சம் பூரா உனக்குத்தானே. வலது கையால குடுத்து இடது கையால வாங்கறதுக்கு எதுக்கு ஒரு வரி?"

அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான் வேலை செய்யறது செலவு இல்லையா?"

"வேலைதான். பேப்பர்ல செலவு இல்லை."

அந்தப் பதிலில் எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட இருந்தது. உண்மை என்னவென்றால், அவள் சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருஷத்துக்கு மிச்சம் இருபத்துநாலாயிரம்தான் நின்றது. தவணையோ வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் மிச்சம் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். மேனேஜர் கேட்கிற ஒன்றரை மடங்குக்கு மேலேயே வந்துவிடும். இதை நான் அவளிடம் சொல்லவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு வரிகளையும் சேர்த்து ஒரே கோடாக அடித்தேன். "கூடப் பொறந்தவகிட்ட கூலி வாங்கற அளவுக்கு நான் கெட்டுப் போகலை" என்று ஒரு வசனமும் பேசினேன்.

"எத்தனை வருஷத்துக்குடா இப்படி?"

"அஞ்சே வருஷம். கடன் முடிஞ்சதும் நீதான் ராணி."

பதினோரு நாளில் கடன் கிடைத்தது. கணக்குப் பகுதி ரொம்பச் சுத்தம் என்று மேனேஜர் பாராட்டினார்.

நான் எழுதிக் கொடுத்த திட்டங்களில் எழுதினபடியே நடந்தது அது ஒன்றுதான். மற்றவர்கள் கடன் கைக்கு வந்த அன்றே அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவார்கள். அக்கா அந்த ஆறு பக்கத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடையில் மின்சார மீட்டருக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாள். அதில் இருக்கிற செலவைத்தான் செய்வாள், இல்லாததைச் செய்ய மாட்டாள். சோப்புத் தூளுக்கு அதில் தொகை இருந்தது, நல்லதாகவே வாங்கினாள். உதவிக்கு வைத்த இரண்டு பெண்களுக்கும் அதில் சம்பளம் இருந்தது. ஒன்றாம் தேதி மதியத்துக்குள் கொடுத்து, தானே கோடு போட்டு வைத்திருந்த ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவாள். ஒரு மாதம்கூடத் தப்பியதில்லை. அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை, அதனால் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கணவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், வாய்த்துடுக்குக்காரர். "நான் ஒருத்தன் சம்பாதிச்சு ரெண்டு குடும்பத்தை நடத்தறேன். ஒண்ணு வீடு, இன்னொண்ணு அவ கடை" என்பார். எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பாள்.

மூன்றாம் வருஷம் ஒருநாள் அவள் என்னிடம் கேட்டாள். "ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் மிச்சம்னு போட்டியே, அது எங்கடா இருக்கு? நான் கண்ணால பாக்கலையே."

"பாதிக்கு மேல தவணைக்குப் போயிடுச்சு. மீதி மெஷின்ல இருக்கு, துணியில இருக்கு, லாட்ஜ்காரன் பாக்கியில இருக்கு."

"எல்லா இடத்துலயும் இருக்கு, என் கையில மட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போய்விட்டாள்.

ஐந்து வருஷம் முடிந்தது. ராணியாக வேண்டிய நேரத்தில் உலர்த்தும் மெஷின் உயிரை விட்டது. புது மெஷினுக்குக் கடன், அதற்கும் நானே திட்டம் எழுதினேன், அதிலும் அந்த வரி இல்லை. அது முடிகிற சமயத்தில் கட்டடக்காரர் காலி செய்யச் சொன்னார். வேறு இடம், முன்பணம், புதுக் குழாய், மறுபடியும் தவணை. நடுவில் நான் என் வாடிக்கையாளர்களிடம், "சந்தேகமா இருந்தா எங்க அக்கா கடையைப் போய்ப் பாருங்க, நான் எழுதினதுதான்" என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். அவர்களும் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அருமை என்றார்கள். வாசலில் வண்டி நிற்கும், வேலை நடக்கும், வெள்ளை விரிப்புகள் அடுக்கியிருக்கும். வேறென்ன தெரியும் அவர்களுக்கு?

பன்னிரண்டு வருஷம் நின்றுகொண்டே இருந்ததில் அக்காவுக்குக் கால் நரம்புகள் சுருண்டுகொண்டன. முழங்காலுக்குக் கீழே நீலமாகப் புடைத்து, சாயங்காலத்தில் செருப்புக்குள் கால் நுழையாது. இனி நிற்கிற வேலையே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் என் அறைக்கு வந்தாள். ஒவ்வொரு படியிலும் நின்று நின்று ஏறுவது எனக்கு மேலே கேட்டது.

"கடையை வித்துடலாம்னு இருக்கேன்டா. பதினோரு லட்சம் வந்தா போதும். பேங்க்ல போட்டுட்டு, வர்ற வட்டியில உக்காந்துக்குவேன். உக்காரணும். அவ்வளவுதான் எனக்கு."

விற்பதற்கான கணக்கை நான்தான் தயார் செய்தேன். எல்லாத் தவணையும் முடிந்திருந்தது. வருஷ மிச்சம் மூன்று லட்சத்து அறுபதாயிரம். அதைப் போல மூன்று மடங்கு விலை என்றால் அவள் கேட்ட தொகை ஏறக்குறைய வந்துவிடும். செலவுப் பட்டியலில் கடைக்காரர் சம்பளம் என்ற வரியை இந்தத் தடவையும் நான் போடவில்லை. வேண்டுமென்று விட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கைப்பழக்கம்.

வாங்க வந்தவர் ஏற்கெனவே மூன்று சலவைக் கடை வைத்திருக்கிறவர். கணக்குப் பார்க்க ஒரு பெண்ணைக் கூட்டி வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், அதிர்ந்து பேசாதவள். என் தாள்களைப் பொறுமையாகப் படித்துவிட்டு அக்காவிடம் திரும்பினாள்.

"காலைல யார்க்கா கடை தொறக்கறாங்க?"

"நான்தாம்மா. அஞ்சே முக்கால்."

"துணி எண்ணி வாங்கறது?"

"நான்தான்."

"கறை பாக்கறது, பில் போடறது, பாக்கி வசூல், மெஷின் நின்னா ஆள் கூப்பிடறது?"

"எல்லாம் நான்தான்" என்றாள் அக்கா. அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார்.

அந்தப் பெண் என் பக்கம் பார்த்தாள். "சார், இவங்க போயிட்டா இந்த வேலைக்கெல்லாம் நாங்க ஒரு ஆள் போடணும். எங்க மத்த கடையில மேனேஜருக்கு இருபத்தெட்டாயிரம் தர்றோம். அந்தச் செலவு உங்க கணக்குல எங்கயும் இல்லையே."

அவள் பென்சிலால் என் பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்த்தாள். வருஷத்துக்கு மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரம். கழித்தாள். மிச்சம் இருபத்துநாலாயிரம் நின்றது. அந்தத் தொகையை நான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன்.

வாங்க வந்தவர் நல்ல மனிதர். மெஷின்களுக்கு மட்டும் இரண்டரை லட்சம் தருவதாகச் சொன்னார். "இவங்களை மாதிரி ஆள் எங்களுக்குக் கெடைக்காது. மேனேஜரா இங்கயே இருக்கட்டும். மாசம் இருபத்தெட்டாயிரம்" என்றார். அக்கா தன் காலைக் குனிந்து பார்த்தாள். பிறகு சரி என்றாள். இரண்டரை லட்சத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார முடியும்?

அவர்கள் போன பிறகு அவள் விரிப்புகளை மடிக்க ஆரம்பித்தாள். நானும் ஒரு முனையைப் பிடித்தேன்.

"அன்னிக்கு அந்த வரியை அடிக்காம விட்டிருந்தா என்னடா ஆயிருக்கும்?"

பூசி மெழுகிவிடலாமா என்று நினைத்தேன். முடியவில்லை. "கடன் கெடைச்சிருக்காதுக்கா."

"அப்ப ஆஸ்பத்திரியிலயே இருந்திருப்பேன். என்கூடச் சேர்ந்தவங்க போன வருஷம் ரிட்டயர் ஆனாங்க. மொத்தமா ஒரு தொகை குடுத்து அனுப்பினாங்க." விரிப்பின் முனையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "இந்தக் கடை கட்டுப்படியாகாதுன்னு உன் கணக்குக்கு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. உனக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லலை."

திட்டியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்து மாதம் பதினெட்டாயிரம் வீதம் பன்னிரண்டு வருஷத்தைக் கூட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். நான் அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகவே இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். அதுதான் தாங்கவில்லை.

அடுத்த மாதம் இரண்டாம் தேதி மறுபடியும் அவள் படியேறி வந்தாள். வந்த களைப்பில் நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் கொஞ்சம் பணம்.

"என்னக்கா இது?"

"நேத்து சம்பளம் வந்துச்சு. நான் கோடு போட்ட ரிஜிஸ்டர்லயே மூணாவது ஆளா கையெழுத்துப் போட்டேன்." நோட்டைத் திறந்து சிவப்புக் கோட்டுக்கு அடியில் இருந்த இரண்டாவது வரியைக் காட்டினாள். "இது உன் கூலி. ஐயாயிரம். ரொம்ப நாளா நின்னுபோச்சு."

"வேண்டாம்க்கா. போயும் போயும் அந்தத் திட்டத்துக்கா?"

"திட்டம் எப்படியோ போகட்டும். ரெண்டு வாரம் உக்காந்து எழுதினியா இல்லையா? வேலை செஞ்சவங்களுக்குக் கூலி குடுக்காம விடறது தப்புடா."

குத்திக் காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. அவள் எப்போதும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், நோட்டிலும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அடித்தவன் நான். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

"எண்ணிப் பாத்துக்கோ" என்றாள்.

எண்ணினேன். சரியாக இருந்தது.