அரை ஆப்பிள் வாடகை

நம்புங்கள் என்று யாரையும் நான் கெஞ்சப்போவதில்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள் நான். பின்னால் பிள்ளைகள் கத்த, முன்னால் பனிச்சாலை வழுக்க, வண்டி ஓட்டிப் பிழைக்கிறவளுக்குக் கதை கட்ட நேரம் ஏது? நடந்ததைச் சொல்கிறேன். சந்தேகம் இருந்தால் என் கணவர் வேடிடம் கேளுங்கள், வக்கீல் நோரீனிடம் கேளுங்கள். இரண்டு பேரும் பேச்சை மாற்றுவார்கள்.

வெர்மான்ட் மாநிலத்தில், ஆற்றோரமாக ஒரு பழைய வீடு. எங்கள் சேமிப்பு முழுவதும் அதை வாங்குவதில்தான் போனது. கீழ்வீடு காலியாகக் கிடைத்தது. மாடியில் மட்டும் ஒரு வாடகைதாரர் இருந்தார். பெயர் ஆல்டன் ப்ரூயிட். வயதானவர், ஒண்டிக்கட்டை. பழைய வீட்டுக்காரியோடு அவர் செய்துகொண்ட ஏற்பாடு விசித்திரமானது. பணம் கிடையாது. முற்றத்து ஆப்பிள் மரங்களை அவர் பார்த்துக்கொள்வார். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் ஒரு கூடை ஆப்பிள் கொடுப்பார். அதுதான் அந்த வருடத்து வாடகை.

எனக்கு அப்போது ஏழு மாதம். அந்த வீட்டில் நன்றாக வெயில் விழுகிற ஒரே அறை மாடியில்தான் இருந்தது. குழந்தைக்கு அதுதான் என்று மனதுக்குள் தொட்டிலே போட்டுவிட்டேன்.

நோட்டீஸ் முறையாகக் கொடுத்தாயிற்று. அக்டோபர் கடைசியோடு அவர் காலி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சொந்த வீடுதான் என்றாலும் பூட்டை மாற்றவோ சாமானைத் தூக்கி எறியவோ எங்களுக்கு உரிமை இல்லை. நோரீன் ஒன்றை மட்டும் படித்துப் படித்துச் சொன்னாள்.

"கெடு முடிஞ்சப்புறம் அந்த மனுஷன் கையால எதையும் வாங்கிடாதீங்க, கொரின். வாடகையை வாங்கினா நோட்டீஸ் செல்லாது. நீங்களே அவரை மறுபடி குடிவெச்ச மாதிரி ஆயிடும்."

"ஆப்பிள்தானே நோரீன்..."

"அந்த ஆப்பிள்தான் வாடகை. ஒரு துண்டுகூட வேணாம்."

"சரி தாயே," என்றேன், சிரித்துக்கொண்டே.

நவம்பர் பிறந்தது. மாடி காலியானதாகத் தெரியவில்லை. நோரீன் வழக்குப் போட்டாள். நாங்கள் இன்னும் அங்கே குடிபோகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, கீழே சமையலறை ஜன்னலுக்குத் திரை அளக்கலாம் என்று நான் தனியாகப் போனேன். மாலை நாலே முக்கால். எங்கள் பக்கத்தில் நவம்பரில் அதற்குள் இருட்டிவிடும். காலையில் விழுந்த முதல் பனி முற்றம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அதில் என் காலடி மட்டும்தான் பதிந்தது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அளவு நாடாவை விரித்தேன். தலைக்கு மேலே... கர்ர்ர்... நாற்காலி இழுபடும் சத்தம்.

"வீட்டுக்காரம்மா!"

கரகரத்த, மரியாதையான குரல். பிறந்ததிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவள் நான். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இதோ வரேன்," என்றேன்.

மாடிக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெளியைவிடக் குளிர். அடுப்பு அணைந்து கிடந்தது. ஆல்டன் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். முகம் நிழலில் இருந்தது. காலடியில் கூடை நிறைய ஆப்பிள். எதிரே இன்னொரு நாற்காலி, எனக்காகவே இழுத்துப் போட்டது போல.

"வாயும் வயிறுமா இருக்கீங்க. உக்காருங்க."

"எப்போ காலி பண்றீங்க, மிஸ்டர் ப்ரூயிட்? குழந்தைக்கு இந்த ரூம் வேணும்."

"அதுக்கென்ன, பேசிக்கலாம்." கத்தியை எடுத்தார். "இப்பத்தான் மரத்துலேருந்து பறிச்சுட்டு வந்தேன்."

சரக். ஆப்பிள் இரண்டானது. ஒரு பாதியை என் பக்கம் நீட்டினார்.

வாசனை மூக்கில் ஏறியது. மதியம் முதல் நான் எதுவும் சாப்பிடவில்லை. வயிற்றில் குழந்தை உதைத்தது. நான் பேசிக்கொண்டே போனேன். கெடு, கோர்ட், உரிமை... பேசப் பேச என் வாயிலிருந்து ஆவி வந்தது.

அவர் வாயிலிருந்து வரவில்லை.

அதைக் கவனித்தபோது... நான் மென்றுகொண்டிருந்தேன்.

முழுங்கியும் விட்டேன்.

"நன்றி," என்றார். "ரெண்டு பேருமே வாங்கிக்கிட்டீங்க."

"ரெண்டு பேரா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார்.

எப்படிப் படி இறங்கினேனோ தெரியாது. முற்றத்தில் ஓடினேன்.

பனியில் நான் வந்த தடம். மரங்களைச் சுற்றி... ஒன்றுமில்லை.

இப்பத்தான் பறித்தேன் என்றாரே...

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் வேடிடம் சொன்னேன். "பேய் உன்னை விட்டாலும் நோரீன் விடமாட்டா," என்று சிரித்தார். அதுதான் அவர் அந்த விஷயத்தில் கடைசியாகச் சிரித்தது.

செவ்வாய்க்கிழமை கோர்ட் சம்மனோடு ஷெரீஃப் போனார். அன்று மாலை நோரீன் போன் செய்தாள்.

"கொரின், ப்ரூயிட் நாற்காலியிலேயே செத்துக் கிடந்தாராம். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்ததால உடைச்சுத்தான் போனாங்களாம். டாக்டர் பார்த்துட்டார். கெடு முடியறதுக்கு ரொம்ப முன்னாடியே உயிர் போயிடுச்சு."

போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"எதிர்ல ஒரு நாற்காலி. அவர் கையில அரை ஆப்பிள். இன்னொரு பாதியைக் காணோம். யாராவது மேல போனீங்களான்னு ஷெரீஃப் கேக்கறார்."

சொன்னேன். ஆப்பிள் தின்றதையும் மறைக்கவில்லை.

"ஆள் செத்தாச்சு. ஏற்பாடும் போச்சுதானே, நோரீன்?"

"குடியிருக்கறவர் செத்தா மட்டும் குடித்தனம் முடிஞ்சிடாது, கொரின். நீங்க வேற வாடகையை வாங்கிட்டீங்களே..."

விற்றுவிட்டுப் போகலாமே என்பீர்கள். விஷயம் தெரிந்து யார் வாங்குவார்கள்? மாடியைப் பூட்டினோம். குழந்தையின் தொட்டிலைக் கீழேயே போட்டோம். ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் மாடிப்படியின் அடியில் ஒரு கூடை ஆப்பிள் இருக்கும். கை படாமல் வேட் அதை மண்வெட்டியால் தள்ளிக்கொண்டுபோய் ஆற்றில் கொட்டுவார். வாங்காவிட்டால் அது வாடகை ஆகாது. வாடகை கொடுக்காமல் அவர் எத்தனை நாள்தான் இருந்துவிட முடியும்? அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஐந்து வருடம் ஓட்டினோம்.

போன மாதமும் கூடை வந்தது. மண்வெட்டியோடு போன வேட் அப்படியே நின்றுவிட்டார்.

படியில் எங்கள் மகள் லீஸ் உட்கார்ந்திருந்தாள். கன்னம் உப்பியிருந்தது. கையில் அரை ஆப்பிள்.

"துப்பு! துப்புடி!" என்று பாய்ந்தேன்.

அவள் முழுங்கினாள்.

"ஏம்மா கத்தறே? அவர் உன்னைக் கூப்பிடல. என்னைத்தான் வீட்டுக்காரம்மான்னு கூப்பிட்டார்."