சிவனாண்டி அண்ணனின் ஒரு ரூபாய்

செல்லூரில் எங்கள் சந்துக்குள் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார் சிவனாண்டி அண்ணன். டி. கல்லுப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்த்த குடும்பம். சொந்தக்காரர்கள் எல்லாம் ஆளுக்கொரு மனை வாங்கிப் போட்டபோது, இவருக்கு மட்டும் புத்தி பழைய நாணயத்தில் போனது. தங்கத்தைவிட அது வேகமாக விலை ஏறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பிடித்தால் உடும்புப்பிடிதான் அவர்.

மனைவி இருளாயியின் தோட்டை விற்று, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ஒரு ரூபாய் ஒன்றை வாங்கினார். அந்த வருஷத்துக் காசு கிடைப்பதே அபூர்வமாம். ரெண்டே வருஷத்தில் அதைவிடப் பெரிய தோடாக வாங்கித் தருவதாகச் சத்தியம் செய்தார். மதினியும் நம்பி, காது ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டார்.

விலை ஏறத்தான் செய்தது. அதுதான் வினையாகப் போயிற்று. நாணய வியாபாரி பீமாராவ் வீட்டுக்கே வந்து நல்ல விலைக்குக் கேட்டார். இன்னும் ஏறும் என்று அண்ணன் அனுப்பிவிட்டார். அடுத்த வருஷமும் வந்தார், அதே பதில். அவருக்குக் காபி கொடுத்துவிட்டு மதினி கதவோரம் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை அண்ணனை முகத்துக்கு நேராகவே திட்டிவிட்டேன். மதினிதான் என்னைச் சமாதானப்படுத்தினார்.

"விடுங்க தம்பி. ஏறுனா எனக்குத்தான தோடு பெருசாகும்?"

அண்ணனைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் நாணய ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு, மதினியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு காசுக்கும் ஒரு கதை சொல்வார். பாதி அவரே கட்டிவிட்டது. அந்த வெள்ளி ரூபாய் இருக்கும் பக்கம் வந்ததும் மதினி சிரித்துக்கொண்டே காதைத் தடவுவார்.

போன ஆவணியில், நெஞ்சைக் கரிக்கிறது என்று உட்கார்ந்த மதினி பிறகு எழுந்திருக்கவில்லை.

பெண்கள் குளிப்பாட்டி, காதிலிருந்த குச்சிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கூடத்தில் கிடத்தினார்கள். நெற்றியில் வைக்க ஒரு ரூபாய்க் காசு கேட்டார்கள். அத்தனை பேரும் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தோம். டீ குடித்தால்கூட போனில் பணம் அனுப்பும் எங்களிடம் காசுக்கு எங்கே போவது? மகன் முத்துக்குமரன் முக்குக்கடைக்கு ஓடப் பார்த்தான். அண்ணன் அவன் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் விரலிடுக்கில் அந்த வெள்ளி ரூபாய் இருந்தது.

முத்துக்குமரன் பதறிவிட்டான். நெற்றிக்காசு கடைசியில் மயானத்தில் வேலை பார்ப்பவருக்குப் போய்விடும், அதன் விலை அப்பாவுக்கே தெரியும், ஒரு நிமிஷம் பொறுத்தால் சாதாரணக் காசு வாங்கி வந்துவிடலாம் என்றெல்லாம் சொன்னான். அவன் சொன்னதில் தப்பே இல்லை.

அண்ணன் குனிந்து, மதினியின் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து அந்தக் காசை ஒட்டினார்.

"ஒங்கம்மா தோடுடா அது," என்றார். "போட்டுக்கிட்டுப் போகட்டும்."

நான் வாசலுக்கு வந்து நின்று அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் போல் கழித்து, விஷயம் தெரியாத பீமாராவ் அந்தக் காசைக் கேட்டு வந்தார். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் ஆல்பத்தை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தார். வெள்ளி ரூபாய் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் காய்ந்துபோன வேப்பங்குச்சி இரண்டு கிடந்தன.