கம்புக்காரியின் நாற்காலி

2004ஆம் வருடம். காலேஜில் இரண்டாம் வருடம் முடித்த கோடை விடுமுறை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. அதற்கு முன்பு அது சின்ன வெங்காயம் அடுக்கி வைத்த குடோன். எத்தனை முறை கழுவியும் வாசனை போகவில்லை. ஜன்னலில் நீலத் துணி தொங்கும். மத்தியான வெயில் அதன் வழியே வந்து எங்கள் முகம், கை எல்லாவற்றையும் நீலமாக்கிவிடும். தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். பஸ் ஹாரன்கூட எங்கோ தூரத்தில்தான் கேட்கும்.

நாங்கள் ஆடியது சண்டை கேம். திரையில் வரும் சண்டைக்காரர்களை ஆளுக்கு ஒருவராகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். ஒருவன் ஆளை இன்னொருவன் தொடக்கூடாது. தொட்டால் ஒரு வாரம் பேச்சு கிடையாது. என் ஆள் பயில்வான். நடப்பது ஆமை வேகம், ஆனால் பிடித்துத் தூக்கிப் போட்டால் எதிராளிக்குப் பாதி உயிர் போய்விடும். கடையில் எல்லோரையும் தூக்கிப் போட்டிருக்கிறேன், கம்புக்காரியைத் தவிர.

நீளக் கம்பு சுழற்றிச் சண்டை போடும் கம்புக்காரி ஒரு சிறுவாச்சூர்ப் பையனின் ஆள். அவனுக்கும் என் வயதுதான். அவன் ஊர்க் காளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பதால் அன்றைக்கெல்லாம் அம்மாவின் தேங்காய்க் கடையில் நிற்பான். மற்ற நாட்களில் பஸ் ஏறி வந்துவிடுவான். நான் எட்டிக் குதித்துப் பிடிக்கப் போவேன். அந்த நீளக் கம்பு அந்தரத்திலேயே என்னை அடித்து இறக்கும். மறுபடி குதிப்பேன், மறுபடி அடி. கோடை முழுக்க ஒரு தடவைகூட ஜெயிக்கவில்லை. பட்டன் சரியில்லை, டிவி சரியில்லை என்று கத்துவேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, சித்தப்பா மூலமாகச் சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டது, வியாழக்கிழமை கிளம்புகிறேன் என்று அவன் சொன்னான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவன் பிரிந்து போகிறான் என்ற வருத்தமே வரவில்லை. ஜெயிக்காமலே விட்டுவிடுவேனே என்றுதான் பதறினேன்.

புதன்கிழமை வரிசையாக ஐந்து ஆட்டம் தோற்றேன். ஜாய்ஸ்டிக்கைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தபோது அவன் என் கையைப் பிடித்தான்.

“மாப்ள, இங்கன வந்து உக்காரு. என் ஆள நீ எடு. பயில்வான எங்கிட்ட குடு.”

கடையே எங்களைத் திரும்பிப் பார்த்தது. நான் தயங்கித் தயங்கி அவன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவன் கொடுத்த ஜாய்ஸ்டிக் ஈரமாக இருந்தது. எப்போதும் ஜெயிக்கிறவனுக்கு ஏன் இப்படி வியர்க்கிறது என்று நினைத்தேன்.

அவன் குதிக்கவே இல்லை. கையை மறித்து வைத்துக்கொண்டு ஒரு அடி நடந்தான், நின்றான், இன்னொரு அடி நடந்தான். நான் கம்பை வீசினேன். வீசிய கம்பை இழுத்துக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் பயில்வான் ஒரு அடி நெருங்கினான். பின்வாங்கினேன். முதுகில் சுவர் தட்டியது. என் பயில்வானை அவ்வளவு கிட்டத்தில் எதிரில் பார்த்ததே இல்லை. பயமாக இருந்தது. விரல் வழுக்கியது. தூக்கிப் போட்டுவிட்டான்.

பழையபடி இடம் மாறி உட்கார்ந்தோம். கைகள் குதிக்கத் துடித்தன. அடக்கிக்கொண்டு நடந்தேன், நின்றேன், நடந்தேன். இருவருக்குமே நூலளவு உயிர்தான் மிச்சம். கம்புக்காரி பின்னால் போய்ப் போய்ச் சுவரில் முட்டினாள். பிடித்துவிட்டேன்.

கடையில் எல்லோரும் கத்தினார்கள் போலிருக்கிறது. என் காதில் எதுவும் விழவில்லை. ஏன்டா எனக்குக் காட்டிக்கொடுத்தாய் என்று மட்டும் அவனிடம் கேட்டேன்.

“நீ குதிக்காம நடந்து வந்துருவியோன்னு தெனமும் பயந்துகிட்டுதான்டா ஆடுனேன். போறப்பவாவது சொல்லிட்டுப் போவோம்னு தோணுச்சு. இனிமே அவ உன் ஆளு. வூட்டுல தேடுவாங்க, போயிட்டு வரேன்.”

வாசல் வெயிலில் இறங்கிப் போனான். பிறகு அவனை நான் பார்க்கவே இல்லை.

இன்று ஆபீஸிலோ வீட்டிலோ யாராவது என்னை எட்ட நிறுத்தி வார்த்தையால் அடிக்கும்போதெல்லாம் கை குதிக்கத்தான் துடிக்கிறது. அப்போது அந்த ஈரமான ஜாய்ஸ்டிக் நினைவுக்கு வர, எதிரில் இருப்பவருக்கும் உள்ளங்கை வியர்த்துத்தான் இருக்கும் என்று எண்ணி, மெதுவாக ஒரு அடி மட்டும் எடுத்து வைக்கிறேன்.