தின்னர் வாசனை

எங்கள் வீட்டில் எந்த நாற்றம் அடித்தாலும் பழி அப்பாவுக்குத்தான். ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியின் பெயின்ட் ஷாப்பில் அவருக்கு வேலை. ஷிப்ட் முடிந்து படப்பைக்கு வந்தால், அவருக்கு முன்னால் பெயின்ட்டில் கலக்கும் தின்னரின் வாசனை வீட்டுக்குள் நுழையும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தேன். வெயில் என்றார்கள். பள்ளிப் பாவாடை இடுப்பில் நிற்காமல் நழுவியது. வளர்கிற பெண் என்றார்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் பதில் தயாராக இருக்கும். பிறகு வாந்தியும் வயிற்றுவலியும் வந்தன. அத்தை பானிபூரிக்காரரைத் திட்டினாள். என் பக்கத்தில் படுத்த அம்மாவுக்குத் தின்னர் வாசனை அடித்தது.

"இன்னாய்யா, கொயந்த படுக்கிற எடத்துல யூனிபார்ம போடாதன்னா கேக்கமாட்டியா?" என்றவள், அதைத் துவைத்து மாடியில் காயப் போட்டாள்.

காலையில் வாசனை இன்னும் தூக்கலாக இருந்தது. ஓடி வந்தவளைப் போல எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா மறுபடி ஆரம்பித்தாள்.

"யூனிபார்ம் மாடில கீது. நான் குளிச்சிட்டுதான வந்தேன்?" என்றார் அப்பா. சட்டென்று குனிந்து என் வாயை முகர்ந்தார். அவர் முகம் வெளுத்துவிட்டது. "தின்னர் எதுனா குடிச்சியாமா?"

இல்லை என்று சொல்லக்கூட எனக்குத் தெம்பில்லை.

தண்டலம் ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த டாக்டரம்மா, "அவ ஒண்ணும் குடிக்கலைங்க. இது சர்க்கரை நோய்," என்றார். "உடம்புல இன்சுலின் இல்ல. சர்க்கரைய எடுத்துக்க முடியாம கொழுப்ப எரிக்குது. அதுல வர்ற கீட்டோன் ரத்தத்தையே அமிலமாக்கிடுச்சு. வாசன அதோடதுதான். இன்னும் லேட்டாயிருந்தா உயிருக்கே ஆபத்து."

சலைனும் இன்சுலினும் மெதுமெதுவாக ஏறின. மறுநாள் நான் இட்லி கேட்டபோது அப்பா அழுதேவிட்டார்.

இன்று ஊசி என் கையில். காய்ச்சலோ வாந்தியோ, சாப்பாடு இறங்காவிட்டாலும் இன்சுலினை அடியோடு நிறுத்தமாட்டேன். கீட்டோன் பார்ப்பேன், தண்ணீர் குடிப்பேன். கீட்டோன் ஏறினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ நேராக ஆஸ்பத்திரிதான். இந்த விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

அப்போது ஏமாந்தது அப்பாவிடம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, தின்னர் வாசனையே இல்லாத ஸ்டோருக்கு மாறிக்கொண்டார். பெயின்ட் அவருக்கு அலுத்துவிட்டது என்று நினைத்தேன். தினமும் காலையில் என்மேல் குனிவார். தூங்குவது போல நடித்துக்கொண்டே கன்னத்தைக் காட்டுவேன். முத்தம் கொடுக்காமல் அவர் ஒருநாளும் போனதில்லை. அதற்கு முன்னால் எதற்கு அவ்வளவு நீளமாக மூச்சை இழுக்கிறார் என்பதுதான் அப்போது எனக்குப் புரியவில்லை.