பொங்கலுக்கு முன்னால் கொடுத்த சாதனை நோட்டீஸ்

ஆளுங்கட்சியில் மகளிரணி வேலை என்பது, மேலே இருப்பவர்கள் செய்ததாகச் சொல்வதைக் கீழே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் திருப்பிச் சொல்வதை நின்று கேட்டுக்கொண்டு வருவது. வருஷா வருஷம் பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது பூதலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அரசின் சாதனை நோட்டீஸை வீடு வீடாகக் கொடுப்பது என் பொறுப்பு. எழுதுவதும் நான்தான். எங்கள் ஒன்றியத்தில் சந்திப்பிழை இல்லாமல் எழுதுகிற ஆள் வேறு கிடையாது என்பது என் தலைவிதி. எந்தக் கட்சிக் கொடியைப் பிடித்தவராக இருந்தாலும் சரி, கையில் நோட்டீஸ் கட்டோடு யார் வீட்டு வாசலிலாவது நாய்க்குப் பயந்து நின்றிருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியும்.

ஒரு பாலம்

அந்த வருஷம் நான் எவ்வளவு இழுத்து எழுதியும் நோட்டீஸ் ஒன்றரைப் பக்கத்தைத் தாண்டவில்லை. ஒன்றியச் செயலாளர் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. "ரெண்டு பக்கமும் நிறையணும்மா" என்று என் பேனாவை வாங்கிக்கொண்டார். வாய்க்காலுக்கு மேல் கட்டிய சிறு பாலம் ஒன்று பட்டியலில் இருந்தது. அதற்கு அடிக்கல் நாட்டியதை ஒரு சாதனையாகவும், கட்டி முடித்ததை இன்னொரு சாதனையாகவும், திறந்து வைத்ததை மூன்றாவதாகவும் பிரித்து எழுதினார்.

"அண்ணே, இருக்கறது ஒரு பாலம். மூணா எழுதினா ஊரு சிரிக்காதா?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பாலம் ஒண்ணுதாம்மா. பந்தல் மூணு தடவை போட்டோமா இல்லையா?"

தண்ணீர்

நோட்டீஸின் முதல் வரி, 'வயலெல்லாம் தண்ணீர் கண்டோம்' என்பது. நான்தான் எழுதினேன், கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அச்சாகி வந்த மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. அறுப்புக்கு நின்ற சம்பா முழுக்கச் சாய்ந்துவிட்டது.

நாலாம் நாள் போனபோது, குத்தகைக்கு நிலம் பிடித்து உழுகிற கோவிந்தராசு வரப்பில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. தண்ணீர் வடியக் கண்மடையை வெட்டிவிட்டும் வடியவில்லை, வாய்க்காலும் நிரம்பிக் கிடந்தது. அந்த நேரத்தில் நோட்டீஸை நீட்ட எனக்கே கை வரவில்லை. அவரே கேட்டு வாங்கினார். முதல் வரியைச் சத்தமாகப் படித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"தண்ணி வந்தது சத்தியம்தாங்க. போகச் சொல்லி ஒரு நோட்டீஸ் போட முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

குவைத்திலிருந்து பதில்

கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருக்கும் பஷீர் பாய், நோட்டீஸை மரியாதையாக வாங்கிக் கண்ணாடி போட்டு முழுக்கப் படிக்கிற ஒரே மனிதர். அதற்காகவே அவர் கடைக்குக் கடைசியாகப் போவேன். போகும் வழியில் அவர் கடை வாசல் பள்ளத்தில் என் ஸ்கூட்டர் இறங்கி ஏறும். அதே சாலைதான் நோட்டீஸின் பின்பக்கத்தில் பளபளவென்று படமாக இருந்தது. படம் எந்த ஊரில் எடுத்ததோ, அச்சகத்துக்காரருக்குத்தான் வெளிச்சம்.

இரண்டு நாள் கழித்துச் சீயக்காய் வாங்கப் போனேன். "தங்கச்சி, உங்க நோட்டீஸைப் படம் புடிச்சு குவைத்துல இருக்கற மவனுக்கு அனுப்பினேன்" என்றார்.

"என்ன சொன்னாரு பாய்?"

"'அத்தா, ரொம்ப நல்லா இருக்கே இந்த ஊரு. லீவுக்கு வரும்போது ஒரு நாள் போயிட்டு வரலாமா'ன்னு கேக்குறான்."

அஞ்சம்மாளின் படம்

இதுவரை சிரித்தது போதும். நோட்டீஸின் நடுவில் இன்னொரு படம் இருந்தது. விவசாயக் கூலி வேலை செய்யும் அஞ்சம்மாள், இரண்டு கையாலும் மனைப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். 'பட்டா பெற்ற பூரிப்பில்' என்று கீழே நான் எழுதியிருந்தேன். பண்ணைக்காரர் ஒருவரின் கொல்லைக் கோடியில் குடிசை போட்டு இருபது வருஷமாக இருந்தவள். சொந்த மனை கேட்டு மறியலில் உட்கார்ந்து இரண்டு முறை கைதாகி மண்டபத்தில் அடைபட்டவள்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கையில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த நோட்டீஸ்.

"இதைக் காட்டித்தாங்க பண்ணை வீட்டுல, உனக்குத்தான் மனை குடுத்தாச்சே, பொங்கல் கழிச்சுக் குடிசையைப் பிரிச்சுக்கன்னு சொல்லிட்டாங்க."

"சரி, புது மனைக்குப் போயிட வேண்டியதுதானே?"

"எந்த மனைக்குங்க? போட்டோ எடுத்ததும் கையெழுத்து விட்டுப்போச்சுன்னு காயிதத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்களே. அப்புறம் குடுக்கவே இல்ல."

அவளைக் குடிசையை விட்டுக் கிளப்பியது என் எழுத்து.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "பண்டிகை முடியட்டும், பார்க்கலாம்" என்றார். நான் அஞ்சம்மாளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். மறுநாள் போனோம், கீழே வந்திருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாள் தாசில்தார் மேசையில் நோட்டீஸை விரித்து வைத்தேன்.

"சார், பொங்கலன்னிக்கு சாதனைக் கூட்டத்துல நான்தான் இதைப் படிக்கணும். இந்தம்மா கையில பட்டா இல்லன்னா, படம் பொய்னு மைக்ல சொல்லிட்டு இறங்கிடுவேன்."

அவர் யாருக்குப் போன் போட்டாரோ தெரியாது, எனக்கு அண்ணனிடமிருந்து வந்த போனில் வசவு மட்டும்தான் இருந்தது. ஆனால் போகிக்கு முதல் நாள் தாலுகா ஆபீசிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தது. நான் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுத்தேன். சந்தோஷத்தில் செல்போனை எடுத்து, "அஞ்சம்மா, அப்படியே நில்லு, ஒரு படம்" என்றேன்.

அவள் பட்டாவை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"வேணாங்க. போட்டோ எடுத்தாத்தான் திருப்பி வாங்கிக்கறாங்க."

செய்து முடித்ததை எழுதத்தான் என்னை வைத்திருக்கிறார்கள். ஆனாலும் எழுதித் தொலைத்துவிட்டோமே என்று பயந்து செய்து முடிக்கிற வேலைதான் எங்கள் கட்சியில் சுருக்காக நடக்கிறது.